துனி: ஊடலுக்கு அப்பால் நீளும் தொலைவு

‘துனி’ என்று ஒரு பழந்தமிழ்ச் சொல். இரண்டே எழுத்து. இன்று எவர் பேச்சிலும் அது இல்லை. வெறுப்பு, சினம், துன்பம், நோய் என்று அகராதிகள் அதற்குப் பொருள் அடுக்குகின்றன. அகப்பாடல்களையும் அவற்றின் உரைகளையும் பயின்றவர்கள் அறிந்த பொருள் இவற்றைவிட நுட்பமானது. நெருங்கிய இருவருக்குள் எழுந்த பிணக்கு முற்றி, எத்தனை தணித்தாலும் தணியாமல் நீண்டு நிற்கும் நிலைக்குத் துனி என்று பெயர். மனம் படிப்படியாக அகன்று போவதைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உண்டு. எத்தனை தூரம் அகன்றது என்று அளந்து சொல்லும் சொல் இது.

இன்றைய அச்சுத் தமிழில் அந்த அளவு மறைந்துவிட்டது. ‘கருத்து வேறுபாடு காரணமாகப் பிரிந்து வாழ்கின்றனர்’ என்பது நாளிதழ்களின் வாடிக்கையான வாக்கியம். ஒரு வாரம் முகம் திருப்பிக்கொண்ட தம்பதியருக்கும் அந்த வாக்கியம்தான். பல்லாண்டு ஒரே வீட்டில் இருந்தும் ஒரு சொல் பேசாத தம்பதியருக்கும் அதே வாக்கியம்தான். பிரிவு, விலகல், இடைவெளி, மனக்கசப்பு ஆகியவை ஒன்றுக்கு மற்றொன்று பதிலியாகிவிட்டன. அயலூர் வேலைக்குப் போனவரின் பிரிவும், பக்கத்து அறையில் இருப்பவரின் பிரிவும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன.

பழந்தமிழ் இவற்றைத் தரம் பிரித்தது. கோபத்தின் சூட்டை வைத்து அந்தத் தரம் பிரிக்கப்படவில்லை. இருவருக்கும் நடுவே இன்னும் ஒரு சொல் போய்வர வழி இருக்கிறதா என்பதே அளவாக இருந்தது. இந்தச் சொற்பொழிவு அந்த அளவைப் பழம்பாடல்களிலும் கோயில் விழாக்களிலும் வீட்டுப் பேச்சிலும் நீதிமன்றத்திலும் பின்தொடர்ந்து செல்கிறது.

உப்பும் கனியும்

தொல்காப்பியம் ஐந்திணைக்கும் உரிப்பொருள் வகுக்கும்போது புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல் ஆகியவற்றோடு ஊடலையும் வைக்கிறது. வயலும் பொய்கையும் சூழ்ந்த மருத நிலத்துக்கு ஊடல் உரியது. காதலின் இடையூறாக எண்ணக்கூடிய ஒன்றைக் காதலின் ஐந்து நிலைகளில் ஒன்றாகவே ஏற்றுக்கொண்ட இலக்கணம் அது. எட்டுத்தொகையுள் ஒன்றான ஐங்குறுநூற்றில் மருதம் பாடிய ஓரம்போகியாரின் நூறு பாடல்களில் ‘புலவிப் பத்து’ என்றும் ‘புலவி விராய பத்து’ என்றும் இரண்டு பத்துகள் உள்ளன.

திருக்குறளின் காமத்துப்பால் 25 அதிகாரங்கள் கொண்டது. அதன் இறுதி மூன்று அதிகாரங்கள் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை. 133 அதிகாரங்கள் கொண்ட நூலே ஊடலின் மகிழ்ச்சியில்தான் முடிகிறது. வள்ளுவர் புலவியை உணவிலிடும் உப்போடு ஒப்பிடுகிறார். அளவோடு இருந்தால் சுவை. சற்று நீள விட்டால் உப்பு மிகுந்த பண்டம் போலாகிவிடும். 1306ஆம் குறளில் அவர் துனியையும் புலவியையும் அருகருகே நிறுத்துகிறார். அவை இரண்டும் இல்லாத காதலைக் கனிக்கும் கருக்காய்க்கும் ஒப்பிடுகிறார். உரையாசிரியர் பரிமேலழகர் இங்கே ஒரு கோடு கிழிக்கிறார். புலவி இளம் பிணக்கு. துனி முதிர்ந்த பிணக்கு. புலவியே இல்லாத காதல் பிஞ்சுக் காய் போலத் துவர்க்கும். துனியே இல்லாத காதல் அளவு கடந்து கனிந்த பழமாகிவிடும்.

துனிக்கும் காதலுக்குள் ஓரிடம் உண்டு என்பது இதன் பொருள். 1290ஆம் குறளின் தலைவி கண்ணால் மட்டும் துனித்தாள். மறுகணமே அவனைவிட விரைந்து தழுவிக்கொண்டாள் என்று தலைவன் நினைவுகூர்கிறான். அங்கே துனி விழியோடு நின்றுவிட்டது.

புலவி நுணுக்கத்தில் வரும் காட்சிகள் ஒவ்வொன்றும் சிறு நாடகம். அவன் தும்முகிறான். அவள் வாழ்த்துகிறாள், உடனே, யார் நினைத்ததால் தும்மினீர் என்று அழுகிறாள். அடுத்த முறை அவன் தும்மலை அடக்கிக்கொள்கிறான். உமக்கு வேண்டியவர் நினைப்பதை என்னிடம் மறைக்கிறீரா என்று மீண்டும் அழுகிறாள். உன்னை நினைத்தேன் என்றால், அப்படியென்றால் இடையில் மறந்திருந்தீர் என்கிறாள். இந்தப் பெண் ஓயாமல் பேசுகிறாள். குறை சொல்கிறாள், கேள்வி கேட்கிறாள், பதிலுக்குக் காத்திருக்கிறாள். புலவியின் இலக்கணமே இந்தப் பேச்சுதான்.

புலவிகூட இல்லாத இடம்

பேச்சு நின்றுபோனால் என்ன நேரும் என்பதைக் குறுந்தொகையின் மூன்று பாடல்கள் மூன்று கோணங்களில் காட்டுகின்றன.

முதலாவது மிளைக்கந்தனார் பாடிய 196ஆம் பாடல். பரத்தையிடம் போய்த் திரும்பிய தலைவனைத் தோழி வாயிலில் மறிக்கிறாள். முன்பெல்லாம் என் தோழி பச்சை வேப்பங்காயைத் தந்தாலும் வெல்லக்கட்டி என்று சொன்னீர். இப்போது பாரியின் பறம்பு மலைச் சுனையிலிருந்து, அதுவும் தை மாதத்தில், குளிர்ந்த தெளிநீரைத் தந்தாலும் சுடுகிறது, உவர்க்கிறது என்கிறீர். உம் அன்பின் தன்மை அப்படி. அவள் சொல்வது இவ்வளவே. இங்கே சண்டை எதுவும் நடக்கவில்லை. தலைவன் எப்போது மாறினான் என்று யாராலும் நாள் குறிக்க முடியாது. நாக்கின் சுவை மாறியிருக்கிறது; மாறிவிட்டதை அவனுக்கு முன்பே தோழி கண்டுகொண்டாள். காரணம் சொல்ல முடியாத குளிர்ச்சியை இத்தனை துல்லியமாகப் பிடித்த பாடல்கள் குறைவு.

இரண்டாவது பரணரின் 19ஆம் பாடல். அதன் கீழுள்ள குறிப்பு ‘உணர்ப்புவயின் வாரா ஊடல்’ என்கிறது. உணர்த்துவது என்றால் ஊடியவரின் மனத்தைத் தெளிவித்து ஊடலைத் தணிப்பது. எவ்வளவு உணர்த்தியும் தணியாத ஊடல் இது. தொல்காப்பியக் கற்பியலும் இந்த எல்லையை அறிந்திருக்கிறது. மனைவியின் ஊடல் உணர்ப்பின் வரம்பைக் கடந்துவிட்டால் புலப்பதும் ஊடுவதும் கணவனுக்கும் உரியவை என்கிறது. பரணரின் தலைவன் அந்த வரம்பில் நிற்கிறான். எவ்வி என்ற வள்ளல் இறந்தபின் பூச்சூடாத வெறுந்தலையோடு நின்ற பாணர்களைப் போலத் தன் நெஞ்சு துயரப்பட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டு, இவள் நமக்கு யார் என்று கேட்கிறான். இதே தொகையின் 40ஆம் பாடலில், முன்பின் உறவேயில்லாத இருவரின் நெஞ்சங்கள் செம்மண்ணில் பெய்த மழைநீர் போல ஒன்றாயின. அயலார் ஒன்றாகும் பாடலும், ஒன்றானவர் அயலாராகும் பாடலும் ஒரே தொகையில் இருக்கின்றன.

மூன்றாவது அள்ளூர் நன்முல்லையாரின் 93ஆம் பாடல். தலைவன் சார்பில் தூது வந்திருக்கிறது. தலைவி தோழியிடம் பேசுகிறாள். நலமெல்லாம் தொலைந்து என் உயிரே போனாலும் அவரிடம் ஏதும் சொல்ல வேண்டாம். அவர் நமக்குத் தாயும் தந்தையும் போன்றவர். அன்பில்லாத இடத்தில் புலவிக்கு என்ன வேலை என்கிறாள்.

கணவனைத் தாய் தந்தை இடத்தில் வைப்பது மரியாதை போலத் தெரியும். அந்த மரியாதைதான் தொலைவு. தாய் தந்தையரிடம் யாரும் ஊடுவதில்லை. புலப்பதற்கு ஓர் உரிமை வேண்டும். அந்த உரிமையை அவள் தானாகவே விட்டுக்கொடுத்துவிட்டாள். குறை சொல்லாத மனைவி சமாதானம் ஆகிவிட்டாள் என்று நினைக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. ‘இப்பல்லாம் அவ ஒண்ணும் சொல்றதில்ல, நல்லா இருக்காங்க’ என்று உறவினர் நிம்மதி அடையும் நேரத்தில், உள்ளே நடந்திருப்பது நன்முல்லையார் சொன்னதாகவும் இருக்கலாம். ஊடல், புலவி, துனி என்ற வரிசையைக் கடந்து புலவியே அற்றுப்போன நான்காவது நிலை இது. அதற்கென்று தனிப்பெயர் இலக்கணத்தில் இல்லை. ஆனால் ஒரு பெண்பாற் புலவர் அதைக் கண்டு பாடியிருக்கிறார்.

பன்னிரண்டு வாயில்கள்

ஊடலைப் பற்றிப் பேசிய இலக்கணம் அதைத் தீர்ப்பவர்களைப் பற்றியும் பேசியது. அவர்களுக்கு ‘வாயில்கள்’ என்று பெயர். தொல்காப்பியக் கற்பியல் பன்னிரண்டு பேரை எண்ணுகிறது: தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன், பாடினி, இளையர், விருந்தினர், கூத்தர், விறலியர், அறிவர், கண்டோர். வீட்டு மனிதர்களும் கலைஞர்களும் ஏவலரும் சான்றோரும் இதில் இருக்கிறார்கள். ‘கண்டோர்’ என்று கடைசியில் வருபவர்கள் எந்த உறவும் இல்லாமல் தற்செயலாகப் பார்த்தவர்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லும் இடம் உண்டு.

விருந்தினர் இப்பட்டியலில் ஏன் என்பதை மாங்குடி கிழாரின் நற்றிணை 120ஆம் பாடல் விளக்குகிறது. பரத்தையிடமிருந்து வந்த தலைவன் வீட்டுக்குள் நுழைய அஞ்சி, விருந்தோடு வருகிறான். மனைவி அடுக்களையில் வாளை மீனை நறுக்கிச் சமைத்துக்கொண்டிருக்கிறாள். புகையில் கண் கலங்குகிறது. நெற்றி வியர்வையைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொள்கிறாள். விருந்தினர் முன் அவள் சினம் காட்டமாட்டாள், சிறு புன்னகையையாவது பார்க்கலாம், விருந்து இன்னும் வரட்டும் என்கிறான் அவன். தலைவனின் தந்திரம் இதில் வெளிப்படையாகத் தெரிகிறது. பிழை செய்தவன் அவன். உழைப்பும் பொறுமையும் அவளுடையவை. வாயில் மரபைப் போற்றும்போது இந்தச் சமமின்மையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வாயில்கள் பெரும்பாலும் அவன் பக்கத்திலிருந்து புறப்பட்டு அவள் கதவுக்கு வந்தன. அவற்றை மறுக்கும் உரிமை அவளுக்கு இருந்தது என்பதே ‘வாயில் மறுத்தல்’ என்ற துறைப்பெயர் சொல்லும் செய்தி.

எதிர்ப்பக்கம் நின்ற வாயில்களும் உண்டு. உ.வே.சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றில் 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாடல்கள் ஒரே விவகாரத்தைப் பற்றியவை. மயிலுக்குப் போர்வை தந்த வள்ளல் என்று புகழ்பெற்ற வையாவிக் கோப்பெரும்பேகன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறோர் ஊரில் வேறொருத்தியோடு இருந்தான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நான்கு புலவர்கள் அவனிடம் போய்ப் பாடினார்கள். பொன் வேண்டாம், பொருள் வேண்டாம், தேரைப் பூட்டு, வீட்டுக்குப் போ என்பதுதான் அவர்கள் கேட்ட பரிசில். பசித்து வரவில்லை, சுற்றத்தின் பாரமும் இல்லை, இன்றிரவே சென்று அவள் துயரைக் களைவதே நாங்கள் இரந்து கேட்பது என்பது பரணர் வாக்கின் சாரம்.

பரணரின் மற்றொரு பாடலில் (144) ஒரு காட்சி வருகிறது. பேகனின் மலையை யாழில் பாடியபோது ஒரு பெண் அழுகிறாள். நீ எங்கள் பேகனுக்கு உறவா என்று கேட்கிறார்கள். அவள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, நாங்கள் அவனுக்கு உறவில்லை என்கிறாள். பிறகுதான் அவன் வேறொருத்தியின் ஊருக்குப் போவதாகச் சொல்லிக்கொள்கிறார்கள் என்று சேர்க்கிறாள். குறுந்தொகைத் தலைவன் இவள் நமக்கு யார் என்று கேட்டான். இந்தப் பெண், பேகனின் மனைவி கண்ணகி, நாங்கள் உறவில்லை என்று சொன்னாள். மனத்தொலைவு முற்றும் இடத்தில் தமிழ்ப் பாடல்கள் இரண்டும் உறவுச்சொல்லையே தொடுகின்றன. அழுகை இன்னும் மிச்சமிருக்கிறது. உறவின் பெயர் மட்டும் கைவிடப்பட்டிருக்கிறது. அந்த அழுகையைக் கேட்டுத்தான் புலவர்கள் தேரைப் பூட்டச் சொன்னார்கள்.

வாங்கப்படாத மடல்

வாயில் பயனற்றுப்போன கதை சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. புகார்க் கடற்கரையில் கோவலன் யாழ் மீட்டிப் பாடுகிறான். அவன் மனம் வேறிடத்தில் இருப்பதாக மாதவி எண்ணிக்கொள்கிறாள். தனக்கும் வேறொரு குறிப்பு இருப்பது போலப் பாடுகிறாள். அதை அவன் மெய்யென்று கொண்டு எழுந்து போய்விடுகிறான். இருவரும் ஒரு கடுஞ்சொல்லும் நேருக்கு நேர் சொல்லிக்கொள்ளவில்லை. கானல்வரி முழுவதும் பாட்டாகவே நடக்கிறது. பாட்டுக்குப் பொருள் சொல்ல நடுவில் யாரும் இல்லை.

மாதவி வெண்தாழை மடலில், பித்திகை மொட்டை எழுத்தாணியாக்கிச் செம்பஞ்சுக் குழம்பில் தோய்த்துக் கடிதம் எழுதித் தன் தோழி வசந்தமாலையிடம் அனுப்புகிறாள். தானியக் கடைகள் நிறைந்த கூல மறுகில் கோவலனைக் கண்டு அவள் நீட்டுகிறாள். அவன் வாங்க மறுக்கிறான். ஆடல் மகளுக்கு நடிப்பு இயல்பு என்பது அவன் சொன்ன காரணம். மாலையில் வராவிட்டாலும் காலையில் வந்துவிடுவார் என்று மாதவி தேற்றிக்கொள்கிறாள். அவள் கணக்கில் இது இன்னும் ஊடல். அவன் கணக்கில் முடிந்துபோன உறவு. ஒரே தொலைவை இருவர் இரண்டு சொற்களால் அளக்கும்போது நேரும் அவலம் இது. இரண்டாவது மடலைக் கோசிகன் என்ற அந்தணன் மதுரைப் பயணத்தின் நடுவே கோவலனிடம் சேர்க்கிறான். படித்தவுடன் பிழை தன்னுடையதே என்று கோவலன் உணர்கிறான். அந்த ஓலையையே தன் பெற்றோரிடம் காட்டும்படி திருப்பி அனுப்புகிறான். ஐயம் தீர்ந்தது. புகாருக்குத் திரும்ப நேரம் இருக்கவில்லை.

தெருவில் நடக்கும் ஊடல்

திருவண்ணாமலையில் ஒரு தெருவுக்கே ‘திருவூடல் தெரு’ என்று பெயர். தை இரண்டாம் நாள், மாட்டுப் பொங்கலன்று, அண்ணாமலையாரும் உண்ணாமுலையம்மனும் அங்கே ஊடுகிறார்கள். அம்மனை விடுத்துத் தன்னை மட்டும் வழிபட்ட பிருங்கி முனிவருக்கு இறைவன் காட்சி தரப் போனதால் வந்த பிணக்கு என்பது தலக்கதை. நடுவே தூது போகிறவர் சுந்தரமூர்த்தி நாயனார். அம்மன் கோயிலுக்குத் திரும்பிவிட, சுவாமி தனியே போகிறார். மறுநாள் ‘மறுவூடல்’ நடந்து இருவரும் இணைகிறார்கள்.

சுந்தரர் அந்த இடத்துக்கு வருவதற்குப் பெரியபுராணம் வலுவான காரணம் தருகிறது. திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்துகொண்ட சுந்தரரைத் திருவாரூரில் பரவையார் வீட்டுக்குள் விடவில்லை. சுந்தரர் இறைவனிடம் முறையிட, நள்ளிரவில் சிவபெருமானே பரவையாரின் வீட்டுக்குத் தூது நடந்தார். முதல் முறை அர்ச்சகர் வடிவில் போனார், பரவையார் மறுத்துவிட்டார். இரண்டாம் முறை தம் வடிவிலேயே போன பிறகுதான் பரவையார் இசைந்தார். சேக்கிழார் இந்த மறுப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. கடவுளே வாயிலாக வந்தும் ஒருமுறை வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருந்தது. தனக்காகத் தூது போனவருக்கு அண்ணாமலையில் சுந்தரர் தூது போகிறார்.

திருவரங்கத்தில் பங்குனி உத்திரத்தையொட்டி நடக்கும் பிரணய கலகத்தை மக்கள் ‘மட்டையடி’ என்கிறார்கள். உறையூர் சென்று திரும்பிய நம்பெருமாளுக்குத் தாயார் சன்னதிக் கதவு சாத்தப்படுகிறது. நம்மாழ்வார் இடையே வந்து சமாதானம் செய்த பிறகு சேர்த்தி. ஊடலும் தூதும் சேர்த்தியும் ஆண்டுதோறும் ஊர்கூடிப் பார்க்கும் விழாவாக இந்த ஊர்களில் நிலைத்திருக்கின்றன. குழந்தைகளும் இதைப் பார்த்தே வளர்கிறார்கள். நெருங்கியவர்கள் பிணங்குவார்கள், நடுவில் ஒருவர் வருவார், கதவு திறக்கும் என்ற வரிசையை எந்தப் பாடநூலும் சொல்லித்தராமலே அவர்கள் தெரிந்துகொள்கிறார்கள்.

விட்டுவிட வேண்டிய உறவுகள்

எல்லாத் தொலைவும் தீர்க்கப்பட வேண்டியது என்று பழந்தமிழ் சொல்லவில்லை. வள்ளுவர் நட்பைப் பற்றி நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என்று ஐந்து அதிகாரங்களைத் தொடர்ந்து வைத்தார். ஒவ்வாதவரின் நட்பை ஏதேனும் ஒன்றைக் கொடுத்தாவது ஒழித்துவிடச் சொல்கிறார் 800ஆம் குறளில். 818ஆம் குறளில், முடியக்கூடிய காரியத்தையும் முடியாதபடி கெடுப்பவரின் நட்பை எப்படி விடுவது என்று முறையே சொல்கிறார். அவரிடம் அதைப் பற்றிப் பேசாமல், நட்பைத் தானாகத் தளர்ந்து நழுவ விட வேண்டும். அதற்கு அவர் எடுத்த வினைச்சொல் ‘சோர்தல்’. உடைத்தலும் அறுத்தலும் அதில் இல்லை. கட்டு மெல்ல நெகிழ்ந்து கீழே இறங்குவதைக் குறிக்கும் சொல் அது. காதலில் வாய்மூடி விலகுவது நோயாகக் காணப்பட்டது. தீய நட்பில் அதே வாய்மூடி விலகல் தற்காப்பாகப் பரிந்துரைக்கப்பட்டது.

மூதுரை பிரிந்தவர் மீண்டும் கூடுவதை மூன்றாகப் பிரிக்கிறது. கயவரின் பிளவு கல்லின் பிளவு, ஒட்டாது. சிலரின் பிளவு பொன்னின் பிளவு, உருக்கினால் ஒட்டும். சான்றோரின் சினம் நீரில் எய்த அம்பின் வடு, அப்போதே மறையும். இந்தப் பாகுபாட்டைத் தமிழ்க் குழந்தைகள் நெடுங்காலமாக மனப்பாடம் செய்து வந்திருக்கிறார்கள்.

வீட்டுப் பேச்சில் எஞ்சியவை

துனி என்ற சொல் போனாலும் அதன் வேலையைச் செய்யும் தொடர்கள் வீடுகளில் இருக்கின்றன. ‘மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டிருக்கா’ என்றால் அது புலவி; சாயங்காலத்துக்குள் தீரும். ‘கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு’ என்றால் யாராவது போய் அழைத்து வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘முகம் கொடுத்துப் பேசறதில்ல’ என்பது அடுத்த படி. ‘பேச்சுவார்த்தை இல்ல’ என்பது அதற்கும் மேல். ‘எங்களுக்குள்ள போக்குவரத்து இல்ல’ என்றால் இரு குடும்பங்களுக்கிடையே வருகையே நின்றுவிட்டது என்று பொருள். ‘ஒட்டு உறவு இல்ல’ என்பது கடைசிச் சொல். பழம்பாடல்கள் காட்டிய படிகளைப் போன்றவைதான் இவை.

யாழ்ப்பாணத்தில் ‘அவையோட கதைக்கிறேல்லை’ என்ற ஒரு தொடர் இந்தப் பொருளில் பல வேலைகளைச் செய்கிறது. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் சண்டை போட்டால் ‘காய்’ விடுவார்கள். சேர்ந்துகொண்டால் ‘பழம்’ விடுவார்கள். வள்ளுவர் துனியையும் புலவியையும் பற்றிப் பேசிய இடத்தில் இருக்கும் கனியும் காயும் பள்ளிக்கூட வாசலிலும் உறவின் அளவாக இருக்கின்றன.

வாயில்களும் அடியோடு போய்விடவில்லை. ‘நல்லதுக்குச் சொல்லித்தான் போகணும், கெட்டதுக்குச் சொல்லாமலே போகணும்’ என்ற விதியைக் கிராமங்களில் இன்றும் கேட்கலாம். பேச்சு நின்றுபோன பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் அழைப்புக்குக் காத்திருக்காமல் போய் நிற்பது அந்த விதி. காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி வேண்டும். அக்காள் வீட்டோடு முகம் முறித்துக்கொண்ட தம்பியைத் தேடிப் பெரியவர்கள் போவதற்கு அந்தச் சடங்கு ஒரு காரணத்தைத் தருகிறது. ‘நீ வராம புள்ளைக்குக் காது குத்துறது எப்படிப்பா?’ என்று கேட்டால் பழைய சண்டையைப் பேசாமலே அவர் கிளம்பி வர முடிகிறது. யார் பிழை என்ற தீர்ப்பு அங்கே தேவைப்படுவதில்லை.

நகர வாழ்க்கை தளர்த்தியது இந்தக் கண்ணியைத்தான். இருவர் மட்டும் வாழும் அடுக்ககத்தில் தோழியும் பாங்கனும் வெவ்வேறு ஊர்களில் இருக்கிறார்கள். விருந்து வருவதற்கு முன்பே தொலைபேசியில் கேட்டுக்கொண்டு வருகிறது. ‘கண்டோர்’ என்ற பன்னிரண்டாவது வாயில் பக்கத்து வீட்டுக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. அடுத்தவர் விஷயத்தில் தலையிடாதிருப்பது நாகரிகம் என்ற எண்ணத்தால் பல பெண்களுக்கு நன்மை நேர்ந்திருக்கிறது. ஊர்ப் பெரியவர்களின் கட்டாயச் சமாதானங்களிலிருந்து அது அவர்களைக் காத்திருக்கிறது. ஆனால் கட்டாயப்படுத்தாமல் கேட்கக்கூடிய ஒரு காதும் அதே நாகரிகத்தால் சிலருக்கு இல்லாமல் போயிருக்கிறது.

சட்டம் அறிந்த தொலைவு

1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் 1976இல் 13பி என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. இருவரும் ஒப்புக்கொண்டு மணவிலக்குக் கேட்க வேண்டுமானால் குறைந்தது ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது அது. பிரிந்து வாழ்வது என்றால் என்ன? 1991இல் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொன்னது. வேறு வேறு வீட்டில் இருக்க வேண்டியதில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்தும் கணவன் மனைவியாக வாழாதிருந்தால் அது பிரிந்து வாழ்வதே. அள்ளூர் நன்முல்லையார் பாடிய தொலைவைச் சட்டம் தன் மொழியில் ஒப்புக்கொண்டிருக்கிறது.

1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், வழக்கின் இயல்புக்கு ஏற்ப முதலில் இருவரையும் இணக்கத்துக்குக் கொண்டுவர முயல வேண்டும் என்று நீதிமன்றத்துக்குக் கடமை விதிக்கிறது. அதற்காக ஆலோசகர்களையும் ஏற்பாடு செய்கிறது. அந்த ஆலோசகர் நம் காலத்தின் வாயில். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எதிர்ப்பக்கத்து உண்மையைச் சொல்கிறது. அடி விழும் வீட்டில் முதல் தேவை பாதுகாப்பு. சேர்த்தி வைப்பதற்கு அங்கே அவசரம் கூடாது. தீ நட்பை ஒழிக்கச் சொன்ன வள்ளுவரோடு இந்தச் சட்டத்துக்கு முரண்பாடு இல்லை.

ஆலோசகர் அறையில் உட்காரும் பெண்ணோ ஆணோ தம் நிலையைத் தமிழில்தான் சொல்கிறார்கள். ‘எங்களுக்குள்ள ஒண்ணும் சண்டை இல்ல மேடம்’ என்று ஒருவர் சொல்லும்போது, அது நல்ல செய்தியா, நன்முல்லையாரின் செய்தியா என்று பிரித்தறியக் கேட்பவருக்குப் பயிற்சி வேண்டும். இன்னும் குறை சொல்கிறாரா, குறை சொல்வதையே விட்டுவிட்டாரா, யாராவது வந்து பேசினால் கேட்பாரா, உறவுச்சொல்லையே தவிர்க்கிறாரா என்ற கேள்விகள் அகமரபிலிருந்து நேராக எடுக்கக்கூடியவை. உளவியல், சமூகப்பணிப் படிப்புகளைத் தமிழ்வழியில் நடத்தும் கல்லூரிகள் குறுந்தொகை 19, 93, 196 ஆகிய மூன்று பாடல்களையும் இந்த நோக்கில் பாடமாக வைக்கலாம்.

தமிழ்த்துறைகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வீட்டுப் பேச்சில் உயிரோடிருக்கும் தொடர்களை அகராதிகள் ‘சினம்’, ‘பகை’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகின்றன. முதுகலை மாணவர்கள் தத்தம் மாவட்டத்தில் அவற்றைத் தொகுக்கலாம். ஒவ்வொரு தொடருக்கும் நான்கு விவரங்களைக் குறித்துக்கொண்டால் போதும்: எந்த உறவுக்கு அது வழங்குகிறது, எத்தனை காலப் பிணக்கைக் குறிக்கிறது, அதற்கு முந்திய படியும் பிந்திய படியும் எவை, யார் போய்ப் பேசினால் அந்த நிலை மாறும் என்று ஊர் கருதுகிறது. நான்காவது விவரத்தைத் தவறாமல் கேட்டு எழுத வேண்டும். பாட்டிமார்களிடமும் சமரசம் பேசிப் பழகிய பெரியவர்களிடமும் அதற்கான விடைகள் இப்போது இருக்கின்றன. இந்தத் தலைமுறையிலேயே அவற்றைப் பதிவு செய்தாக வேண்டும்.